குருதியின் மீது குற்றப்பத்திரிகை

நிக்காஹ் பேச்சு தொடங்குமுன் நம்மவர் நடத்தும் விசாரணைகள் பல. மாப்பிள்ளையின் சம்பாத்தியம், பெண்ணின் படிப்பு, நிறம், உயரம், வீடு, நகை என யாவும் நடுக்கூடத்தில் உரக்கவே விசாரிக்கப்படும். ஒன்று மட்டும் தாழ்ந்த குரலில் விசாரிக்கப்படும். தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் வேளையிலோ, கடைத்தெருவின் மறுகோடியிலோ, முன்பின் பழக்கமில்லாத ஒருவரைத் தனியே அழைத்து, "அந்தக் குடும்பத்திலே கிறுக்கு உண்டாமே, மெய்தானா?" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் பதில் சொல்லவும் வேண்டியதில்லை. சற்றே தயங்கினால் போதும். ஒரு பெண்ணின் வாழ்வு அந்தத் தயக்கத்திலேயே தீர்ப்பாகிவிடும்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தங்கைக்கு மூன்று சம்பந்தங்கள் கைகூடும் தறுவாயில் முறிந்தன. அப்பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. அவருடைய தாய்மாமன் இருபது வயதைக் கடந்ததும் மனச்சிதைவு நோய்க்கு ஆளானார் என்பதே அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம். மூன்றாவது சம்பந்தத்தை முறித்தவர் கல்லூரியில் படித்தவர். அவர் ஜின்னைப் பற்றியோ சூனியத்தைப் பற்றியோ பேசவில்லை. "மனநோய் மரபணு வழியாக வருவது, இது விஞ்ஞானம்" என்றார். பாமரர் அச்சத்தால் செய்ததை இவர் அறிவின் பெயரால் செய்தார். அந்த விஞ்ஞானம் உண்மையில் என்ன கூறுகிறது என்பதை அவர் படித்திருப்பாரா என்னும் ஐயமே நம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில், மறுக்கவொண்ணாததை ஒப்புக்கொள்வோம். மனநோய்களில் மரபுக்குப் பங்கு உண்டு. மனச்சிதைவு நோய் மக்களில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரை வாழ்நாளில் ஒருமுறையேனும் பற்றுகிறது. தாய் தந்தையருள் ஒருவருக்கு அந்நோய் இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்றை ஒட்டி அமைகிறது. இது வளர்ப்பினால் மட்டும் நேர்வதன்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே அவர்களைப் பிரிந்து வேறிடங்களில் வளர்ந்த 47 பிள்ளைகளை ஹெஸ்டன் என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1966ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார். அவர்களுள் ஐவருக்கு நோய் கண்டது. அதே போன்று பிரிந்து வளர்ந்த, நோயற்ற தாய்மாரின் பிள்ளைகள் 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. தாயின் முகத்தையே அறியாத பிள்ளைக்கும் தாயின் நோய் சென்று சேர்ந்தது என்றால், குருதிக்கு இதில் ஒன்றுமில்லை என்று எவ்வாறு கூறுவது? நாம் அவ்வாறு கூறவில்லை.

ஆயின், அதே கணக்கை இறுதிவரை படிக்க வேண்டாமா? 47 பேரில் ஐவர் எனின், எஞ்சிய 42 பேருக்கு மனச்சிதைவு வரவில்லை. பெற்ற தாய்க்கே நோய் இருந்தவர்கள் நிலை இது. தாய்மாமனுக்கு நோய் எனில் மருமகளுக்கு வரும் வாய்ப்பு நூற்றில் மூன்று அல்லது நான்கு என்றே குடும்ப ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அதாவது, எந்த மாமனைக் காட்டி அப்பெண்ணை ஒதுக்கினார்களோ, அத்தகைய மாமனை உடையோர் நூறு பேரில் தொண்ணூற்றாறு பேர் அந்நோயின்றி வாழ்ந்து முடிப்பார்கள். மறுபுறம் இன்னொரு கணக்கும் உண்டு. இந்நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் தாய்க்கும் தந்தைக்கும் அந்நோய் இருந்ததில்லை. ஆகவே, "சுத்தமான குடும்பம்" என்று தேடிப் பிடித்துச் சம்பந்தம் செய்து கொண்டோர் எதிலிருந்து தப்பினோம் என்று மகிழ்கிறார்கள்?

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரைக் காண்க. இருவருக்கும் மரபணு ஒன்றே. ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் தவறாது வந்தாக வேண்டுமல்லவா, குருதியே யாவும் எனின்? பழைய ஆய்வுகள் பாதியளவு என்றன. டென்மார்க் நாட்டின் பதிவேடுகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வு மூன்றில் ஒரு பங்கு என்றது. மூன்றில் இருவர், உடன்பிறந்தவரின் அதே மரபணுவைச் சுமந்துகொண்டு நோயின்றி வாழ்கின்றனர்.

இதே டேனிஷ் ஆய்வுதான், மனச்சிதைவில் மரபின் பங்கு 79 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. அரைகுறையாகப் படித்தோரை வழிதவறச் செய்வது இந்த எண்ணே. 79 என்று கண்டதும், "நூற்றுக்கு எழுபத்தொன்பது பேருக்கு வந்துவிடும்" என்று பொருள் கொள்கின்றனர். அஃது அப்பொருளுடையதன்று. ஒரு காலத்தில், ஒரு நாட்டில் வாழும் மக்களிடையே ஒருவருக்கு நோய் வருவதும் மற்றவருக்கு வராமையுமாகிய வேற்றுமையில் எவ்வளவு பங்கை மரபின் வேற்றுமை விளக்குகிறது என்பதே அதன் பொருள். அது மக்கள் திரளைப் பற்றிய கணக்கு, தனியொருவரின் தலையெழுத்தன்று. நாட்டின் நிலை மாறினால் அந்த எண்ணும் மாறும். கிட்டப்பார்வையை எடுத்துக்கொள்வோம். இரட்டையர் ஆய்வுகள் அதிலும் மரபுக்குப் பெரும்பங்கு தருகின்றன. ஆயினும் சிங்கப்பூரிலும் தைவானிலும் இரண்டொரு தலைமுறைக்குள் பிள்ளைகளிடம் அது பெருகிவிட்டது. அத்தனை பேருடைய மரபணுவும் அதற்குள் மாறிவிட்டதா? இல்லை. பிள்ளைகள் வெயிலில் விளையாடுவது குறைந்து, புத்தகத்தின் முன் அமர்ந்திருப்பது கூடியது. மரபின் பங்கு மிகுந்ததாயினும் சூழலால் தலைகீழாகும் என்பதற்கு இது போதாதா?

இனி, மரபணு ஆராய்ச்சியாளர்கள் கண்டதையே கேட்போம். 2022ஆம் ஆண்டு, நோயாளிகள் 76,755 பேரின் மரபணுக்களை நோயற்றோருடையவற்றோடு ஒப்பிட்டு உலக ஆய்வாளர் கூட்டமைப்பு ஒன்று வெளியிட்ட முடிவில், மனச்சிதைவோடு தொடர்புடைய இடங்கள் 287 காணப்பட்டன. ஒவ்வொன்றும் வாய்ப்பை அணுவளவே கூட்டுகிறது. அவற்றுள் பல நோயற்றோரிடமும் பரவலாகக் காணப்படுபவை. இருமுனைக் கோளாறிலும் உளச்சோர்விலும் பங்கு கொள்பவையும் உள. மரபுத் துண்டு ஒன்று அடியோடு இல்லாமற் போவதால் நோய்வாய்ப்பு பெரிதும் உயரும் குடும்பங்கள் உண்மையில் உண்டு. அவை மிக அரியவை. மற்றபடி, "கிறுக்கு மரபணு" என்று ஒன்று ஒரு குடும்பத்திடம் இருந்து இன்னொரு குடும்பத்திடம் இல்லாமற் போவதில்லை. இதை எழுதுகிற நாமும், படிக்கிற தாங்களும், சம்பந்தத்தை முறித்த அந்தக் கல்லூரிப் பட்டதாரியும் அவற்றுள் பலவற்றைச் சுமந்தே திரிகிறோம்.

(நம்மவரிடையே இன்னொரு வேடிக்கையும் உண்டு. அயலார் வீட்டுக் குருதியை இத்துணைக் கூர்ந்து சோதிப்பவர், சொந்தத்தில் மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் முடிக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அங்கே இரு பக்கமும் ஒரே பாட்டனாரின் குருதி என்பது நினைவுக்கு வருவதில்லை போலும்.)

குருதியைக் குற்றவாளியாக்கி விசாரிப்பது புதிதன்று. அதைச் சட்டமாக்கி, நீதிமன்றம் அமைத்து, இறுதி எல்லை வரை நடத்திப் பார்த்த நாடு ஒன்று உண்டு. 1933ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று ஜெர்மனியின் ஹிட்லர் அரசு, மரபு நோயுடைய சந்ததியைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. மனச்சிதைவும், இருமுனைக் கோளாறு என இன்று கூறப்படுவதும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. ஒரு நீதிபதியும் இரு மருத்துவர்களும் அமர்ந்த மரபுநல நீதிமன்றங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. சுமார் 4 லட்சம் பேர் பிள்ளை பெறவொண்ணாதவாறு அறுவை செய்யப்பட்டனர். 1940 தொடங்கி 1941 ஆகஸ்டு வரை மட்டும், மனநல விடுதிகளிலிருந்து வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் பட்டினியாலும் மருந்தூசியாலும் கொலை தொடர்ந்தது.

அச்சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவர் மியூனிக் நகரின் மனநோய் மருத்துவர் எர்ன்ஸ்ட் ரூடின். இவரே 1916ஆம் ஆண்டு மனச்சிதைவு நோயாளிகளின் உடன்பிறந்தாரைக் கணக்கெடுத்து ஆராய்ந்தவர். ஒற்றை மரபுக்கூறு மறைந்திருந்து வெளிப்படும் எளிய விதியின்படி எனில், பெற்றோர் நோயற்றிருந்த வீடுகளில் உடன்பிறந்தார் நால்வரில் ஒருவருக்கு நோய் காணவேண்டும். அவர் கண்டது இருபதில் ஒருவருக்கும் குறைவு. தம் கைக்கணக்கே அந்த எளிய விதியைப் பொய்ப்பித்த பின்னரும், பதினேழு ஆண்டுகள் கழித்து அவர் கத்தியைத் தேர்ந்தெடுத்தார். அறியாமையால் செய்தார் என்று அவரைப் பற்றிக் கூற வழியில்லை.

இதன் பயன் யாது? அமெரிக்க ஆய்வாளர் டோரியும் யோல்கனும் 2010இல் இக்கணக்கை ஆராய்ந்து எழுதினர். ஜெர்மனியில் அப்போது வாழ்ந்த மனச்சிதைவு நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கினராவது கருவறுக்கப்பட்டோ கொல்லப்பட்டோ இருக்க வேண்டும் என்பது அவர்கள் மதிப்பீடு. குருதியே நோயின் ஊற்று எனின், அடுத்த தலைமுறை ஜெர்மனி மனச்சிதைவு அருகிய நாடாக விளங்கியிருக்க வேண்டும். போருக்குப் பின் பழைய நோயாளிகள் குறைந்திருந்தனர். கொன்றுவிட்டார்கள், குறையாமல் என்ன செய்யும்? ஆனால் புதிதாக நோய் காண்போரின் தொகை குறையவில்லை. பிற நாடுகளோடு ஒப்பிட உயர்ந்தே காணப்பட்டது.

ஜெர்மனியை மட்டும் பழித்துவிட்டுச் செல்வதும் நேர்மையாகாது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1927இல் வர்ஜீனியா மாநிலத்தின் கருவறுப்புச் சட்டத்தைச் செல்லும் என்றது. சுவீடன் 1934இல் தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை இதனை நடத்தியது. நம் கூடத்தில் நடைபெறும் விசாரணையை அவற்றோடு ஒப்பிடுவது மிகை என்பீர்கள். கத்தி இல்லை, வாயு இல்லை, மெய்தான். ஆயினும் நோயுற்றவரை விட்டு அவர் குடும்பத்தையே விசாரிப்பதும், எண்ணைப் படிக்காமல் தீர்ப்பு எழுதுவதும் இங்கும் உண்டு. அந்த மரபுநல நீதிமன்றத்துக்குக்கூட மேல்முறையீட்டு மன்றம் ஒன்று இருந்தது. நம் திண்ணைத் தீர்ப்புக்கு அதுவும் இல்லை.

குருதி மட்டும் அன்று எனின், வேறு எது? 1944 இலையுதிர்காலத்தில் நெதர்லாந்து இரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர் அதற்குப் பழிவாங்க மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாமல் தடுத்தனர். ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் முதலிய நகரங்களில் ஒருவருக்கு உரிய நாள் உணவு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. 1945 மே மாதம் விடுதலை வரும் வரை அந்தப் பஞ்சம் நீடித்தது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவான பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபோது அவர்களிடையே மனச்சிதைவு இரு மடங்காகக் காணப்பட்டது. சீனத்தின் அன்ஹுய் மாநிலத்தில் ஆராய்ந்தோர் 2005இல் கூறியதும் இதுவே: பெரும்பஞ்சத்தின்போது 1960இல் பிறந்தோரிடம் இந்நோயின் விகிதம் 0.84இலிருந்து 2.15 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஐரோப்பியக் குருதி வேறு, சீனக் குருதி வேறு என்று வாதிடுவோருக்கு விடை இதில் உள்ளது. இரண்டு நாட்டிலும் தாயின் வயிறு காய்ந்திருந்தது.

ஆகவே சம்பந்தம் பேசுவோருக்கு நம் வினா இது: மணப்பெண்ணின் மாமனுக்கு என்ன நோய் என்று துருவிக் கேட்கும் நீங்கள், மணமான பின் அப்பெண் கருவுற்றிருக்கும்போது வயிறார உண்டாளா என்று என்றாவது கேட்டதுண்டா? வீட்டார் அனைவரும் உண்ட பின் மிஞ்சியதை உண்ணும் மருமகள் நம் ஊர்களில் இல்லவே இல்லை என்று உங்களால் கூற முடியுமா?

கருவறைக்கு வெளியிலும் சூழல் வேலை செய்கிறது. நகரத்தில் பிறந்து வளர்ந்தோரிடம் இந்நோய் மிகுதி என டென்மார்க்கின் பதிவேடுகள் காட்டின. கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறிய கறுப்பின மக்களிடையே மனச்சிதைவு வெள்ளையரைவிடப் பன்மடங்கு. அவர்களுடைய குருதியே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் விட்டுவந்த ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் கணக்கெடுத்தபோது அந்த மிகுதியைக் காணவில்லை. குருதி இரண்டு இடத்திலும் ஒன்றே. ஒதுக்கப்பட்டு வாழ்வது ஓரிடத்தில் மட்டும். நாள்தோறும் கஞ்சா புகைப்போருக்கு மனச்சிதைவு முதலான சித்தப்பிரமை நோய்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என 2019இல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றை உள்ளடக்கிய ஆய்வு கூறியது. வீரியம் மிகுந்த சரக்கெனின் அதனினும் மிகுதி. கஞ்சா நம் ஊர்களின் தெருமுனை வரை வந்துவிட்டது என்பதை வாசகர்க்கு நாம் கூற வேண்டியதில்லை.

மரபும் சூழலும் தனித்தனியே நிற்பனவும் அல்ல. பின்லாந்தில் பெக்கா டியனாரியும் அவர் குழுவினரும், நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து பிற குடும்பங்களில் தத்து வளர்ந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். சச்சரவும் குத்தலும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்களிடையே நோய் பெருகியது. அமைதியான வீட்டில் வளர்ந்தவர்களிடையே, அதே மரபைச் சுமந்தும், நோய் அருகியது. மரபு வழியாக நோய்வாய்ப்பு இல்லாத பிள்ளைகளை மோசமான வீடு அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை. விதையில் நலிவு இருந்தால் நிலத்தைப் பண்படுத்துவதே உழவர் செய்வது. நாமோ நிலத்தைக் கவனிக்காமல் விதையின் பாட்டனாரை விசாரிக்கிறோம்.

இவ்வாறு கூறியதும், மறுகோடியில் நிற்போர் மகிழ வேண்டா. "வளர்ப்புதான் காரணம், தாய் சரியில்லை" என்று தாயைத் தூற்றுவோரும் நம்மிடையே உளர். மேலைநாட்டு மருத்துவமே ஒரு காலத்தில் இப்பாவத்தைச் செய்தது. 1948இல் ஃபிரீடா ஃபிராம்-ரீஷ்மான் என்னும் மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு சொல்லையே உருவாக்கினார். பிள்ளையின் நோயால் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்த தாய்மாரை, மருத்துவமனை வாயிலிலேயே ஒரு தலைமுறைக் காலம் குற்றவாளிகளாக நிறுத்தினார்கள். பின்னர் ஆதாரமின்மையால் அச்சொல்லைக் கைவிட்டனர். அந்தத் தாய்மாரிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாக நாம் அறியோம்.

மூன்றாவது கூட்டத்தார் குருதியையும் கூறார், வளர்ப்பையும் கூறார். யாவும் ஜின்னின் வேலை என்பர். இவர்களோடு நீண்டு வாதிட நாம் விரும்பவில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் இல்லமொன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர்; பெற்றோரும் உடன்பிறந்தாருமே. ஏன் விட்டார்கள்? நேர்ச்சையும் நம்பிக்கையும் ஒரு காரணம். வீட்டில் வைத்திருந்தால் அடுத்த பிள்ளைக்குச் சம்பந்தம் வராது என்னும் அச்சம் அவர்களுள் எத்தனை பேரைத் துரத்தியிருக்கும்? மனநல மருத்துவர் வாசலை மிதிப்பதை ஊரார் கண்டுவிடுவர் என்று அஞ்சி, நோயின் முதல் ஆண்டுகளை வீணாக்கும் குடும்பங்கள் இன்றும் உள. சிகிச்சை தாமதமாகத் தாமதமாகக் குணமாவதும் கடினமாகும் என்பது மருத்துவர்கள் உறுதி செய்துள்ள செய்தி. அந்தத் தாழ்ந்த குரல் விசாரணை ஒரு பெண்ணின் நிக்காஹை மட்டும் முறிப்பதன்று. இன்னொரு வீட்டில் ஒருவரின் மருந்தையும் அதுவே தடுத்து நிறுத்துகிறது.

மரபைப் பற்றிய பேச்சு நம் மார்க்க நூல்களுக்கும் புதிதன்று. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு நிகழ்ச்சியை ஓதியவர் அனைவரும் அறிவர். தம் மனைவி கறுத்த நிறமுடைய பிள்ளையைப் பெற்றாள் என்று ஐயத்தோடு வந்த நாட்டுப்புற அரபி ஒருவரிடம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றுள் சாம்பல் நிறத்தவை உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அவை எங்கிருந்து வந்தன என்ற வினாவுக்கு, பழைய வேர் ஒன்று இழுத்திருக்கலாம் என்றார் அவர். உம் மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று விளக்கினார்கள். அரபியில் அங்கே ஆளப்பட்ட சொல் 'இர்க்' என்பது; வேர் என்றும் நரம்பு என்றும் பொருள்படும். நாம் வாசகரைக் கவனிக்க வேண்டுவது, அந்த வேர் எதற்காக எடுத்துக்காட்டப்பட்டது என்பதை. ஒரு பெண்ணின் மீதிருந்த பழியைத் துடைப்பதற்காக. நாம் அதே வேரைத் தோண்டியெடுத்து ஒரு பெண்ணின் மீது பழி சுமத்துகிறோம்.

பல்கு நகரத்து அபூ ஸைது (இறப்பு 934) 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில், காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாமல் வரும் துயரத்தையும் பிரித்துக் காட்டினார். முன்னதற்கு நல்லுரையும், உடலிலிருந்து எழும் பின்னதற்கு மருந்தும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உள்ளும் புறமும் இரண்டையும் கண்டார். நாம் இன்று ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, அதையும் பக்கத்து வீட்டாருக்கு எதிராகவே பயன்படுத்துகிறோம்.

"அப்படியானால் நோயை மறைத்து மணம் முடிக்கச் சொல்கிறீரா?" என்று சிலர் சீறுவர். ஒருக்காலும் இல்லை. மணமகனுக்கோ மணமகளுக்கோ நோய் இருப்பின், அதனை மறைத்து, "கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று தள்ளிவிடுவது பெருந்துரோகம். ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள், துணைவருக்குள்ள பைத்தியத்தை நிக்காஹைக் கலைக்கும் உரிமை தரும் குறைகளுள் ஒன்றாக எண்ணியுள்ளன. அந்தப் பட்டியலில் துணைவரின் மாமனுக்கோ சாச்சாவுக்கோ உள்ள நோய் இல்லை. சட்டம் எழுதிய இமாம்கள் மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டா. வேர் இழுக்கும் என்பதை அவர்களும் ஓதியவர்களே.

விசாரிக்கத்தான் வேண்டும் எனின், விசாரியுங்கள். பையன் கஞ்சா தொடுகிறானா என்று கேளுங்கள். அவன் வீட்டில் எவருக்கேனும் நோய் வந்தபோது மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்களா, சங்கிலி வாங்கினார்களா என்று கேளுங்கள். வீட்டில் ஏச்சும் குத்தலும் எவ்வளவு, கருவுற்ற மருமகள் எந்தப் பந்தியில் உண்கிறாள் என்று கேளுங்கள். நம் மாணவரின் தங்கை வீட்டில் இவற்றைக் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். அந்த மாமனுக்கு நாள்தோறும் மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாதந்தோறும் பேருந்தில் மருத்துவரிடம் அழைத்துச் சென்று வருபவர் அந்தப் பெண்தான்.